மாமியார் மூன்றாம் நபரா?

பதினாறு வருடமாக ஊருக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் மனிதர், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு, தன் வீட்டு கேட்டுக்குள்ளேயே, மாமியாரின் காரை இடித்துவிட்டார். ஓடிக்கொண்டிருந்த காரைக்கூட அல்ல, சிவனே என்று நின்றுகொண்டிருந்த காரை. அதுவும் பட்டாணிப் பச்சை நிறத்தில், மூடுபனியில்கூடக் கண்ணில் அறைகிற கார். இடித்தவரோ, "வண்டி ஓட்டுறது கையால இல்ல, கண்ணால" என்று தினம் பத்துப் பேருக்குப் பாடம் நடத்துகிறவர். இதை வெளியே யாரிடம் சொல்வது என்று அவர் கூச்சப்படத் தேவையே இருக்கவில்லை. சத்தம் கேட்டுத் தெருவே எட்டிப் பார்த்துவிட்டது.

மாணவர்கள் அவரைப் பிரேக் மாஸ்டர் என்பார்கள். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, முன்னால் ஒரு கோழி குறுக்கே வந்தாலும் "பிரேக்! பிரேக்!" என்று கத்தி, அவர்கள் சுதாரிப்பதற்குள் தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கையும் மிதித்துவிடுவார். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரும். தூக்கத்தில் ஒருமுறை அப்படிக் கத்தியதில், மனைவி கட்டிலிலிருந்து விழப் பார்த்தாள்.

வீட்டில் அவர் வண்டி நிறுத்துகிற முறை வேறு. பின்சுவரை ஒட்டி மொட்டைமாடியிலிருந்து மழைத்தண்ணீர்க் குழாய் இறங்குகிறது. அதில் சிவப்பு டேப் ஒரு சுற்று ஒட்டியிருந்தார். கேட்டைத் தாண்டி ரிவர்ஸில் வரவேண்டியது, பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் சிவப்பு டேப் தெரிந்ததும் நிறுத்தவேண்டியது. அவ்வளவுதான். திரும்பிப் பார்ப்பது, கழுத்தை வளைப்பது எல்லாம் மாணவர்களுக்கு. அடையாளத்தை நம்பி வண்டி ஓட்டாதே என்று அவர்களிடம் அடித்துச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பதினோரு வருடமாக டேப்பை மட்டுமே பார்த்து ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று அந்தக் குழாய்க்கும் அவருக்கும் நடுவில் பட்டாணி நின்றது. அந்தக் காருக்குத் தெருவில் அதுதான் பெயர். மாமியார் வந்த இரண்டரை மாதத்தில் ஒரு நாள்கூட அதைக் கேட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. வெளியே, எதிர்வீட்டுத் தையல்காரர் வாசலை மறைக்காமல், மரத்தடியில்தான் நிறுத்துவார். அன்றைக்கு மட்டும் உள்ளே, பின்கதவுப் படியருகே நின்றது. மாஸ்டர் டேப்பைத் தேடிக்கொண்டே வந்தார். கண்ணாடியில் டேப்புக்குப் பதிலாகப் பச்சையாக ஏதோ தெரிந்தது. உடனே என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்தார்.

"பிரேக்!" என்று கத்தினார்.

கத்திவிட்டு, யாராவது மிதிப்பார்கள் என்று காத்திருந்தார். காரில் அவரைத் தவிர யாரும் இல்லை என்பது டமால் என்று சத்தம் கேட்ட பிறகுதான் உறைத்தது.

இறங்கிப் பார்த்தார். அவருடைய காரின் பின்பம்பர் ஒருபக்கம் தொங்கிப்போயிருந்தது. பட்டாணியின் முகமோ பார்க்கச் சகிக்கவில்லை. பானெட் மடங்கி, ஒரு ஹெட்லைட் உடைந்து, ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின்கதவைத் திறந்துகொண்டு மாமியார் ஓடிவந்தார். அறுபத்தோரு வயது. ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளின் கோப்புகள் வைத்திருக்கும் அறையை முப்பத்திரண்டு வருடம் கட்டி ஆண்டவர். எதையும் பதறாமல் பேசுகிறவர், அன்றைக்குப் பதறினார்.

"ஐயோ மாப்பிள்ளை, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? என் தப்பு, என் தப்பு! கேக்காம கொள்ளாம உள்ள கொண்டு வந்து நிறுத்திட்டேன்."

"என்ன அத்தை, என் தப்புதான்! நான் பாக்காம வந்தேன்."

"இல்ல, என் தப்பு."

"அத்தை, நிக்கிற வண்டி மேல என்ன தப்பு? முழுக்க என் தப்பு!"

இதை அவர் வகுப்பு எடுக்கிற குரலில் சொன்னதால் தெருமுனை வரை கேட்டது. கேட்டின்மேல் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தையல்காரர், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைப் பிடித்தபடி, "ஊர்ல வண்டி இடிச்சா ரெண்டு பேரும் நீதான் நீதான்னு அடிச்சுக்குவாங்க. இங்க நான்தான் நான்தான்னு அடிச்சுக்கிறாங்களே!" என்றார். அவருக்கு அன்று வேலை ஓடவில்லை.

மாஸ்டருக்கு இந்த மாமியாரை ரொம்பப் பிடிக்கும். மாமியார் ஜோக்குகளைச் சொல்லிச் சிரிக்கிற நண்பர்கள் நடுவில் இது அவருக்குக் கொஞ்சம் வெட்கமான விஷயம்தான். ஆனால் உண்மை அதுதான். பத்து நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். அவர் வந்த பிறகு வீட்டில் சாயங்காலம் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாஸ்டர் வகுப்பில் நடந்த கூத்துகளைச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஒரு ஆள் கிடைத்தார். மனைவியும் சிரிப்பாள், ஆனால் நாளெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று "மேல் வரி தெரியுதா, கீழ் வரி தெரியுதா" என்று கேட்டுவிட்டு வருகிறவளுக்கு எட்டு மணிக்கே கொட்டாவி வந்துவிடும்.

ஒரே ஒரு குறை. மாமியார் தன் பெட்டியைக் காலி செய்யவே இல்லை. அலமாரியில் இரண்டு தட்டு ஒதுக்கிக் கொடுத்தும், தினம் பெட்டியிலிருந்து புடவையை எடுப்பார், துவைத்து மடித்துப் பெட்டியிலேயே வைப்பார். பல் துலக்கும் பிரஷ்கூட ஜிப் வைத்த பையில்தான். மாடிப்படிக்குக் கீழே நிமிர்ந்து நிற்கிற அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் மாஸ்டருக்கு பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்தது. இரண்டு மணி நேர தூரத்தில் மாமியாருக்கு ஒரு வாடகை வீடு இருந்தது. இந்த மாதக் கடைசிக்குள் அதைத் தொடர்கிறாரா, விடுகிறாரா என்று அதன் சொந்தக்காரருக்குச் சொல்லியாக வேண்டும். "இங்கேயே இருந்துடுங்க அத்தை" என்று சொல்ல மாஸ்டர் எத்தனையோ தடவை வாயெடுத்தார். கிளட்ச், கியர், பிரேக் என்று ஒற்றை வார்த்தையில் பேசிப் பழகிய வாய்க்கு அவ்வளவு நீள வாக்கியம் வரவில்லை. அதற்குள் அவர் காரையே இடித்தாயிற்று.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றே போன் போட்டார். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"விபத்து யாரால நடந்தது சார்?"

"என்னாலதாம்மா. முழுக்க என் தப்பு."

"சார், எங்ககிட்ட நடந்ததை அப்படியே சொல்லுங்க. ஆனா வெளியில யார்கிட்டயும் 'என் தப்பு'ன்னு நீங்களா ஒத்துக்கக் கூடாது. உங்க பாலிசியிலயே போட்டிருக்கு. பொறுப்பு யாரோடதுன்னு நாங்க பாத்து முடிவு பண்ணுவோம். யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?"

மாஸ்டர் தெருவைப் பார்த்தார். "கொஞ்சம் பேர்கிட்ட" என்றார்.

"சரி சார். உங்களோடது முழு பாலிசி. அதனால உங்க வண்டிச் சேதம் அதுலயே வந்துடும், ஒரு சின்னத் தொகை மட்டும் நீங்க போடணும். இன்னொரு வண்டிக்கு முழு பாலிசி இருக்கா?"

"இல்லம்மா. பழைய வண்டி. சட்டத்துக்குக் கட்டாயமா எடுக்கணுமே, அது மட்டும்தான்."

"அப்போ அவங்க பாலிசி அவங்க வண்டிக்கு எதுவும் தராது. அவங்க யாரையாவது இடிச்சாதான் அது பேசும். ஆனா பரவாயில்ல, நீங்கதானே இடிச்சீங்க? உங்க பாலிசியில தேர்ட் பார்ட்டி இருக்கு. உங்களால மூன்றாம் நபருக்கு ஏற்படுற நஷ்டத்தை நாங்க குடுப்போம்."

மாஸ்டருக்கு உயிர் வந்தது. "ரொம்ப நல்லதும்மா!"

"அந்த வண்டி யாரோடது சார்?"

"என் மாமியாரோடது."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் நின்றது. "உங்களோட ஒரே வீட்டுலயா இருக்காங்க?"

"இருக்காங்க" என்றார் மாஸ்டர். பிறகு படிக்குக் கீழே நின்ற பெட்டியைப் பார்த்தார். "ஆனா இல்ல."

"சார்?"

"அதாவதும்மா, வந்திருக்காங்க. வந்து இருக்காங்க. இன்னும் முடிவாகல."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். நீங்கள், நாங்கள் என்ற இரண்டு பேரையும் தவிர்த்த வெளி ஆள்தான் மூன்றாம் நபர். பாலிசிக்காரரோடு ஒரே வீட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கிற குடும்பத்து ஆளுடைய பொருளுக்கு இந்தப் பாலிசியில் அந்தக் காப்பு கிடையாது. வீட்டு ஆள் வீட்டு ஆளையே இடித்துவிட்டுப் பணம் கேட்டால் கம்பெனி தாங்காது. விருந்தாளி என்றால் வெளி ஆள், பணம் உண்டு. குடும்பத்தோடு நிரந்தரமாக இருப்பவர் என்றால் வீட்டு ஆள், பணம் இல்லை. படிவம் அனுப்புகிறேன், வண்டிக்குச் சொந்தக்காரரே பூர்த்தி செய்யட்டும், திங்கட்கிழமை சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் வந்து பார்ப்பார்.

கடையிலிருந்து திரும்பிய மனைவி முதலில் பட்டாணியைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள். "நாளைக்குக் கடைக்கு வாங்க. மேல் வரி தெரியுதான்னு பாத்துடுவோம்" என்றாள். விஷயம் முழுவதையும் கேட்டதும் கைப்பையைக் கீழே வைக்காமலேயே போனை எடுத்தாள். காரியம் என்று வந்துவிட்டால் அவள் புலி.

"ஹலோ, இப்ப என் வீட்டுக்காரர் பேசினாரே, அவருக்கு விவரம் பத்தாதுங்க. எங்க அம்மா எங்களோட இல்லவே இல்ல. சும்மா விருந்தாளி. இன்னும் கொஞ்ச நாள்ல போயிடுவாங்க. ஆமா, கண்டிப்பா போயிடுவாங்க. எழுதிக்கோங்க!"

மாஸ்டர் சட்டென்று திரும்பினார். சமையலறை வாசலில் மாமியார் மூன்று தேநீர்க் கோப்பைகளைத் தட்டில் ஏந்தியபடி நின்றிருந்தார். எவ்வளவு கேட்டதோ தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. வந்தார், தேநீரை வைத்தார், தன் கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். மாஸ்டர் மனைவியின் பக்கம் குனிந்தார்.

"ஏய், அத்தை கேட்டுட்டாங்க."

"கேக்கட்டுமே. அவங்க வண்டிக்குப் பணம் வரணும்னுதானே சொன்னேன்? அம்மாவுக்குத் தெரியாதா?"

அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் அன்று சாப்பிடும்போது மாமியார் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படிவம் வந்து சேர்ந்தது. மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கறுப்பு மையில், அச்சடித்தாற்போன்ற எழுத்தில் பூர்த்தி செய்தார். வண்டி எண், என்ஜின் எண், நடந்த நேரம், நின்ற இடம் எல்லாம் கச்சிதமாக நிறைந்தன. ஏழாவது கேள்வி மட்டும் காலியாக இருந்தது. சேதமடைந்த வாகனத்தின் உரிமையாளர், காப்பீடு பெற்றவருடன் ஒரே குடும்பத்தில் நிரந்தரமாக வசிப்பவரா? ஆம், இல்லை. பக்கத்தில் இரண்டு சின்னக் கட்டங்கள்.

"அம்மா, இல்லைன்னு ஒரு டிக் போட்டுட்டுப் போவியா, அதுக்கு ஏன் இவ்வளவு யோசனை?" என்றாள் மகள்.

"படிவத்துல பொய் எழுதி எனக்குப் பழக்கம் இல்ல. ஒரு கோடு மாத்திப் போட்டா, இருக்கிற ஆள் செத்தவன் ஆயிடுவான். அப்படி ஒருத்தன் ஆறு மாசம் என் மேஜைக்கு முன்னாடி நின்னு, நான் உயிரோட இருக்கேன்னு அழுதிருக்கான்."

"இதுல என்ன பொய்? நீ விருந்தாளிதானே?"

மாமியார் மகளை ஒரு நிமிடம் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று படிவத்தை மடித்துவிட்டார்.

மாஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. 'இல்லை' என்று டிக் விழுந்தால் பட்டாணி புதுசு போல் ஆகிவிடும், தன் தலையிலிருந்த பாரமும் இறங்கும். நியாயமாகப் பார்த்தால் அவர் அதற்குத்தான் ஆசைப்பட வேண்டும். ஆனால் சரியான பிறகு அந்த வண்டி எங்கே போகும்? பெட்டியை ஏற்றிக்கொண்டு நேராக இரண்டு மணி நேர தூரத்துக்கு அல்லவா போகும்? அவர் ரோஷக்காரர், எழுதிக் கொடுத்துவிட்டால் எழுதியபடிதான் நடப்பார். மாஸ்டர் கையைப் பிசைந்துகொண்டு வெளியே வந்து பட்டாணியைச் சுற்றி நடந்தார். உள்ளேயிருந்து டிக், டிக், டிக் என்று சன்னமாக ஒரு சத்தம் வந்தது. மடங்கிய பானெட்டில் காதை வைத்துக் கேட்டார். அங்கே தெளிவாகக் கேட்கவில்லை. ரேடியேட்டர் போய் இப்போது என்ஜினும் ஏதோ முனகுகிறது என்று நினைத்து இன்னும் நொந்துபோனார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு சர்வேயர் வந்தார். ஒல்லியான மனிதர். தோளில் ஒரு பை, கையில் டார்ச், அளக்கிற டேப். காரைப் பார்ப்பதற்கு முன் செருப்பைக் கழற்றி வைத்தார், ஏதோ பிரசவ அறைக்குள் போகிறவர் மாதிரி. படம் எடுத்தார், அளந்தார், தரையில் குந்தி டார்ச் அடித்தார். மனைவி கடைக்கு அரைநாள் லீவு சொல்லியிருந்தாள். மூவரும் பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பிள்ளைகள் போல வரிசையாக நின்றார்கள். தையல்காரரும் கேட்டுக்கு வெளியே தன் இடத்தில் இருந்தார்.

"யார் தப்பு?" என்றார் சர்வேயர்.

"என் தப்பு" என்றார் மாமியார்.

மாஸ்டர் சொல்ல வாயைத் திறந்து, போனில் பேசிய பெண்ணின் எச்சரிக்கை ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். பிறகு மனசு கேட்காமல், "உங்ககிட்ட சொல்லலாம்ல சார்? என் தப்பு" என்றார்.

சர்வேயர் பேனாவை நிறுத்தினார். "பத்தொம்போது வருஷமா இந்தக் கேள்வியைக் கேக்கறேன். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட இடம் இதுதான். அம்மா, நிக்கிற வண்டிக்கு இதுல பொறுப்பே வராது. ஓட்டினவர்தான் பொறுப்பு. அது முடிஞ்ச கதை. ஆனா தப்பு யாரோடதுங்கிறது ஒரு கேள்வி, பணம் யாருக்குக் கிடைக்கும்கிறது வேற கேள்வி. வண்டி வழக்கமா இங்கதான் நிக்குமா?"

"இல்ல. வெளியில மரத்தடியில. அன்னைக்குத்தான் முதல் தடவையா உள்ள கொண்டு வந்தேன்."

"ஏன்?"

"வெயில்" என்றார் மாமியார்.

சர்வேயர் தெருவில் இருந்த மரத்தைப் பார்த்தார். குளுகுளுவென்று நிழல். தலைக்கு மேலே பார்த்தார். கூரையில்லாத வானம், சுள்ளென்று வெயில். சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு சற்றுத் தள்ளிப் போய் நின்று காரின் பக்கவாட்டைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

"இடி முன்னாடிதானே பட்டிருக்கு? பின்பக்கம் ஏன் இவ்வளவு தாழ்ந்து நிக்குது? டயரை உரசுற மாதிரி இருக்கே. ஸ்பிரிங் போயிடுச்சா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார்" என்றார் மாமியார் அவசரமாக. "அதை எழுத வேண்டாம்."

"எழுதாம விட முடியாதும்மா. டிக்கியைத் திறங்க, ஒரு தடவை பாத்துடறேன்."

"அதுல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லைன்னா திறக்கலாமே."

மாமியார் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இடுப்பிலிருந்த சாவியை எடுத்தார். டிக்கி கதவு மேலே போனது. முதலில் வெளியே வந்தது அந்தச் சத்தம். டிக், டிக், டிக். ஒரு சுவர்க்கடிகாரம், போர்வையில் பாதி சுற்றப்பட்டு, சரியான நேரம் காட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் தையல் இயந்திரம், இரும்பு உடம்போடு. இரண்டு தலையணை. கயிறு போட்டுக் கட்டிய புத்தகங்கள். ஜன்னல் திரைகள். குடை வைக்கிற பித்தளை ஜாடி. இறந்துபோன கணவரின் படம், கண்ணாடி உடையாமல் இருக்கச் சால்வையில் சுருட்டி. பின்சீட்டிலும் துணியால் மூடி ஏதோ இருந்தது. ஒரு வீட்டில் கடைசியாக எடுக்கிற சாமான்கள் எல்லாம் அங்கே இருந்தன.

கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"அம்மா, இது நம்ம வீட்டுக் கடிகாரம்" என்றாள் மகள்.

"ஆமா" என்றார் மாமியார். அதற்குமேல் மறைப்பதில் அர்த்தம் இல்லை என்று புரிந்து, கோப்பு படிக்கிற குரலில் சொன்னார். "சனிக்கிழமை காலையில போய் வீட்டைக் காலி பண்ணிட்டேன். சாவியைக் குடுத்துட்டேன். கனமான சாமானாச்சே, பின்வாசலுக்குக் கிட்ட நிறுத்தினா இறக்கச் சுலபம்னு உள்ள கொண்டு வந்தேன். சாயங்காலம் டீ குடிக்கும்போது, இங்கேயே இருக்கலாமான்னு உங்க ரெண்டு பேர்கிட்டயும் கேக்கணும்னு நினைச்சேன். கேக்கறதுக்கு முன்னாடியே வந்து நிறுத்தினேன் பாரு, அதான் என் தப்புன்னு சொன்னேன். அப்புறம் நீ போன்ல, கண்டிப்பா போயிடுவாங்கன்னு சொன்னியா... சரி, கேக்காம இருக்கறதே நல்லதுன்னு தோணுச்சு."

"ஐயோ அம்மா!" மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் உன் ஹெட்லைட்டுக்காகச் சொன்னேன்!"

"எனக்கென்ன தெரியும்? நீ ரொம்ப அழுத்திச் சொன்னே."

சர்வேயர் இருமினார். இந்த மாதிரி நேரத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் படிவத்தைப் பார்த்தார். "ஏழாவது கேள்வி காலியா இருக்கும்மா" என்றார் மெதுவாக. "நான் இப்படிப் போடுங்க, அப்படிப் போடுங்கன்னு சொல்லக் கூடாது. இல்லைன்னா உங்க வண்டிக்குப் பணம் வரும். ஆம்னா வராது. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. விபத்து நடந்த நேரத்துல நீங்க யாரு? விருந்தாளியா, வீட்டு ஆளா?"

மாமியார் பேனாவைக் கையில் வாங்கினார். மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். பேனா நடுவில் நின்றது. இப்போது கத்தாமல் விட்டால் இடித்துவிடும் என்று மாஸ்டருக்குத் தெரிந்தது. பதினாறு வருடத்துப் பழக்கம் கைகொடுத்தது.

"அத்தை! ஆம்!"

தெருமுனை வரை கேட்டது. தையல்காரர் கேட்டிலிருந்து ஒரு அடி பின்னால் போனார்.

"ஆம்னு போடுங்க அத்தை" என்றார் மாஸ்டர், குரல் இறங்கி. "பட்டாணியை நான் சரி பண்ணித் தரேன். உங்க பெட்டியைப் பாத்துப் பாத்து ரெண்டரை மாசமா எனக்குத் தூக்கம் சரியில்ல. நீங்க போயிட்டா நான் யார்கிட்ட போய்க் கதை சொல்றது?"

மாமியாரின் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டார். ஆம் என்ற கட்டத்தில் அழகாக, கோட்டைத் தாண்டாமல் ஒரு டிக் போட்டார்.

"எப்பலேர்ந்துன்னு எழுதணும்மா" என்றார் சர்வேயர்.

"இவர் வந்து இடிச்சது அஞ்சேகால். நான் கேட்டுக்குள்ள கொண்டு வந்து நிறுத்தினது அஞ்சு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது. அப்பலேர்ந்து."

"அதாவது இடிக்கறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி வரைக்கும் நீங்க விருந்தாளி."

"ஆமா."

"இருபது நிமிஷம்!" என்று மகள் வானத்தைப் பார்த்து முறையிட்டாள். "ஏங்க, தினம் சீக்கிரம் வாங்க சீக்கிரம் வாங்கன்னு சொல்றேனே, அன்னைக்காவது இருபது நிமிஷம் முன்னாடி வந்து இடிச்சிருக்கக் கூடாதா?"

முதலில் சிரித்தது மாமியார்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், சர்வேயரும்கூட. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது போல, "தையல் மிஷினை ரெண்டு பேர் பிடிச்சு இறக்குங்க, இடுப்பு பிடிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு முனையைத் தையல்காரர் பிடித்தார். மிஷினை ஆசையாகத் தடவிப் பார்த்து, விற்பதாக இருந்தால் சொல்லுங்கள் என்றும் கேட்டு வைத்தார்.

இரண்டு வாரத்தில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மாஸ்டரின் பம்பருக்குப் பணம் உண்டு. மேற்படி மாமியார் காப்பீடு பெற்றவரின் குடும்பத்தில் நிரந்தரமாக வசிப்பவர் என்பதால் அவரை மூன்றாம் நபராகக் கருத இயலாது என்று வருத்தத்துடன் தெரிவித்திருந்தார்கள். மாமியார் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே ஆணியடித்து மாட்டிவிட்டார். பழைய பார்ட்ஸ் கடையில் பச்சை பானெட் கிடைக்காததால் பட்டாணிக்கு இப்போது வெள்ளை முகம். காலிப் பெட்டி பரணுக்குப் போய்விட்டது.

குழாயிலிருந்த சிவப்பு டேப்பை மாஸ்டரே உரித்துப்போட்டார். இப்போது அவர் சாயங்காலம் கேட்டுக்குள் ரிவர்ஸில் வரும்போது கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்க்கிறார். இருந்தாலும் மாமியாருக்கு நம்பிக்கை வரவில்லை. ஹாரன் சத்தம் கேட்டதும் பின்வாசல் படியில் வந்து நின்று, வாங்க, வாங்க, இன்னும் வாங்க என்று கையசைக்கிறார். பட்டாணியின் வெள்ளை மூக்குக்கு ஒரு முழம் இருக்கும்போது தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துகிறார்.

"பிரேக்!"

மாஸ்டரின் கால் உடனே மிதிக்கிறது.